லே சாமுராய்: காலித் துப்பாக்கி யாருக்காக?

இரவுக்காட்சி: ஜெஃப் கோஸ்தெல்லோ காதலுக்காக உயிரை விட்டவன் என்று நேற்று இங்கே நடைமேடை என்பவர் எழுதியதைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பிரெஞ்சு இயக்குநர் ழான் பியேர் மெல்வில் 1967-இல் எடுத்த 'லே சாமுராய்' படத்தில், முதல் பத்து நிமிடம் ஒரு சொல்கூடப் பேசாமல் கட்டிலில் படுத்துப் புகைவிடும் கூலிக் கொலைகாரனையா காதலன் ஆக்குகிறீர்கள்? கடைசிக் காட்சியில் காவலர்கள் அவனைச் சுட்டு வீழ்த்திய பிறகு, காவல் ஆய்வாளர் அவனுடைய துப்பாக்கியைத் திறந்து காட்டுகிறார். அதில் ஒரு தோட்டாவும் இல்லை. தன் சாவைத் தானே ஏற்பாடு செய்துகொண்டவன் அவன். அவ்வளவுதான்.

நடைமேடை: சாக வேண்டுமென்றால் அறையிலேயே செத்திருக்கலாமே, ஐயா. வலேரி பியானோ வாசிக்கும் இரவு விடுதிக்கு எதற்காகப் போனான்? முதல் கொலையின்போது அவனை நேருக்கு நேர் பார்த்தும், அடையாள அணிவகுப்பில் அவன் இல்லை என்று சொன்னவள் அவள். அவளைக் கொல்லக் கூலி வாங்கியவன், அவளைக் கொல்ல மனமில்லாமல்தான் தோட்டாக்களை எடுத்துவிட்டு வந்தான்.

இரவுக்காட்சி: வலேரி அவனைக் காப்பாற்றியது கருணையால் என்று எண்ணுகிறீர்களா? கூலி கொடுத்த ஒலிவியே ரேயின் வீடும் வலேரி வசிக்கும் வீடும் ஒன்றே என்று தெரியவரும் காட்சியின்போது எழுந்து போய்விட்டீர்கள் போலும். அவள் சொன்ன பொய் யாருடைய உத்தரவு என்பது அதற்குப் பிறகும் விளங்கவில்லையென்றால் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. மீண்டும் சொல்கிறேன்: துப்பாக்கி காலி.

பழையரீல்: இருவரும் மன்னிக்க வேண்டும். இவ்வளவு பேர் கண்ணில் படும்படி கொலை செய்துவிட்டு வெளியேறும் ஒருவனைத் தேர்ந்த கொலைகாரன் என்று எப்படி ஏற்பது? ஜெஃபாக நடித்த அலென் தெலோனின் முகத்தையும் மழை அங்கியையும் தொப்பியையும் எடுத்துவிட்டால் படத்தில் என்ன மிஞ்சும்? தொடக்கத்தில், ஜப்பானியப் போர்வீரர்களான சாமுராய்களின் நெறி புஷிதோவிலிருந்து எடுத்ததாக வரும் மேற்கோளே மெல்வில் தாமாக எழுதியது.

இரவுக்காட்சி: அதை ஏதோ திருட்டைக் கண்டுபிடித்தவர்போலச் சொல்கிறீர்கள். 1970-இல் வந்த 'லே செர்க்கிள் ரூஷ்' படத்தின் தொடக்கத்தில் புத்தரின் பெயரிலும் அவரே ஒன்றை எழுதி வைத்தார். அந்தப் படத்தைப் பற்றிச் சென்ற மாதம் நடந்த விவாதத்தில், கொள்ளைக் காட்சி நீளம் என்று குறைப்பட்டுக்கொண்டு பாதியில் ஓடியவர் தாங்கள்தானே?

பழையரீல்: ஓடவில்லை. உங்களோடு பேசிப் பயனில்லை என்று விலகினேன். இன்றும் அந்தக் காட்சி நீளம்தான்.

மஞ்சள்குடை: யாரும் அந்தப் பறவையைப் பற்றிப் பேசவில்லை. காவலர்கள் அறையில் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்துவிட்டுப் போனதைக் கூண்டிலிருக்கும் அந்தச் சிறு பறவையின் பதற்றத்தை வைத்தே ஜெஃப் உணர்கிறான். பாரிசில் ழென்னேர் தெருவில் இருந்த மெல்வில்லின் படப்பிடிப்புக்கூடம் அதே 1967-இல் தீப்பற்றி எரிந்தபோது அந்தப் பறவையும் இறந்துபோயிற்று. எனக்குப் படத்தில் பிடித்த ஒரே உயிர் அதுதான்.

இரவுக்காட்சி: பறவைக்கு இரங்கல் கூட்டம் பிறகு நடத்தலாம். கடைசியாக விடுதிக்குள் நுழையும் ஜெஃப், தொப்பிகளை வாங்கி வைக்கும் இடத்தில் தன் தொப்பியைக் கொடுக்கிறான். அதற்குரிய சீட்டை எடுக்காமல் மேசைமீதே விட்டுவிட்டு நடக்கிறான். திரும்பி வரப்போவதில்லை என்று அறிந்தவன் செய்யும் செயல் அது. பிறகு எல்லாரும் பார்க்க வெள்ளைக் கையுறையை நிதானமாக அணிகிறான். இதில் காதல் எங்கே இருக்கிறது, நடைமேடை அவர்களே? படத்தில் ஒரு ஃபிரேமையாவது காட்டுங்கள்.

நடைமேடை: அவன் துப்பாக்கியை நீட்டியதும் ஏன் என்று வலேரி கேட்கும்போது, அதற்காகக் கூலி வாங்கியிருக்கிறேன் என்கிறானே, அப்போது அவன் கண்களைப் பாருங்கள். சீட்டை விட்டுச் சென்றதை நானும் மறுக்கவில்லை. சாகப்போகிறான் என்பது சீட்டிலேயே தெரிந்துவிட்டது என்றால், தோட்டாக்களை எடுத்தது வேறு எதற்கு? அவளுக்காகத்தான்.

பழையரீல்: ரேயைச் சுட்ட பிறகு தோட்டா போட மறந்திருப்பான்.

இரவுக்காட்சி: மறந்திருப்பானாம்! புறப்படும் முன் தொப்பியின் விளிம்பைக் கண்ணாடி முன் நின்று விரலால் நீவிச் சரிசெய்யும் ஒருவன் தோட்டா போட மறப்பானா? இதற்கு நடைமேடையின் காதல் கதையே மேல்; அதுவும் தவறு என்பது வேறு விஷயம். நாளை மாலை முழுப் படத்தையும் காட்சி காட்சியாக எழுதுகிறேன்.

நடைமேடை: எழுதுங்கள். வலேரியின் முகம் தெரியும் இடங்களைத் தவிர்த்துவிடாமல் எழுதுங்கள்.