தி பிரிசனர் முதல் எபிசோடு: ஹாலில் திரையிட யோசனை வேண்டும்

காவேரிப்பட்டணத்தான்:
கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன ஹாலில் 'தி பிரிசனர்' என்ற பழைய பிரிட்டிஷ் டிவி தொடரின் முதல் எபிசோடு 'அரைவல்' போடப் போகிறோம். பிரிட்டனில் வாங்கிய டிவிடி. பிளேயர் ஏற்கவில்லை. லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஓடுகிறது, ஆனால் புரொஜெக்டரில் எல்லார் முகமும் அகலமாகிறது. ஒலிக்கு சவுண்ட் சர்வீஸ் செட். எதையெல்லாம் சரிபார்க்கணும்?

பாலக்கோடு பிலிம்:
பிளேயர் மறுப்பது ரீஜன் கோடால், அதாவது டிஸ்க் உலகின் எந்தப் பகுதிக்கானது என்று சொல்லும் எண். பிரிட்டன் டிஸ்க் 2, நம்ம பிளேயர் 5. லேப்டாப் டிரைவ் ரீஜனை மாற்றச் சொல்லிக் கேட்டால் அவசரப்பட்டு ஓகே கொடுக்காதீங்க. 5 தடவைதான் மாற்றலாம், பிறகு கடைசி ரீஜனிலேயே பூட்டிக்கொள்ளும்.

1967 தொடர், படம் 4:3 (அகலம் 4, உயரம் 3 என்ற விகிதம்). அதை இன்றைய அகலத் திரையின் 16:9க்கு இழுத்தால் அகலம் மூணில் ஒரு பங்கு கூடும். லேப்டாப்பிலிருந்து 1920×1080 அனுப்புங்க, புரொஜெக்டர் ஆட்டோவில் இருக்கட்டும், விஎல்சியில் மட்டும் 4:3 வையுங்க. இரண்டு இடத்திலும் வைத்தால் முகம் ஒல்லியாகிடும். ஓரங்களில் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். அதை மறைக்க ஜூம் பண்ணினால் உயரத்தில் கால்வாசி வெட்டுப்படும். தொடரைப் படமெடுத்த ஊரான போர்ட்மேரியனின் கோபுரங்கள் மொட்டையாகும்.

கடைசிப் பெயர்ப்பட்டியலில் பழைய பென்னி பார்திங் சைக்கிள் (முன்சக்கரம் மட்டும் ரொம்பப் பெரியது) பாகம் பாகமாகச் சேரும். அங்கே நிறுத்தி பெரிய சக்கரத்தை டேப்பால் அளங்க. குறுக்கும் நெடுக்கும் ஒரே அளவு வந்தால் படம் சரி.

ஊத்தங்கரை ஆடியோ:
நான் ரொம்ப கவலைப்படுவது சத்தத்துக்குத்தான். ஒலி மோனோ, இடதும் வலதும் ஒன்றே. ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஸ்டீரியோ பின் கேபிளை அப்படியே மிக்சரின் பேலன்ஸ்டு இன்புட்டில் செருகினால் பேச்சு காணாமல் போகும். அந்த இன்புட் ஒரு முனையிலிருந்து மறு முனையைக் கழிக்கும். இரண்டும் ஒன்றானால் மிச்சம் ஒன்றுமில்லை. 3.5 மி.மீ. ஸ்டீரியோவிலிருந்து இரண்டு மோனோ பின்னாகப் பிரியும் கேபிள் வாங்குங்க. ஒன்றை மட்டும் ஒரு சேனலில் போட்டாலே போதும். மைக்குக்கு வைத்திருக்கும் எக்கோவை அந்தச் சேனலில் சுத்தமா அணைக்கச் சொல்லுங்க, பேஸையும் குறைக்கச் சொல்லுங்க. கதாநாயகனாக நடிக்கும் மெக்கூஹன் வேகமாகக் கடித்துப் பேசுவார், எக்கோவில் ஒரு சொல்லும் நிற்காது.

பாலக்கோடு பிலிம்:
இன்னொன்று. ஆரம்ப டைட்டிலைத் தள்ளிவிட வேண்டாம். கதாநாயகன் ராஜினாமா செய்வதும், வீட்டில் சாவித்துவாரம் வழியே வாயு வருவதும் அதில்தான். எபிசோடின் நடுவில், கதை நடக்கும் ஊரை நடத்தும் 'நம்பர் டூ' ஆள் மாறுவார்: முதலில் கை டோல்மன், பிறகு ஜார்ஜ் பேக்கர். புதுசாகப் பார்ப்பவர்கள் குழம்புவார்கள், முன்கூட்டியே சொல்லிடுங்க.