சமாரியப் பெண் ‘வந்தாள்’ என்பதா, ‘வந்தார்’ என்பதா?

மறைக்கல்வி ஆசிரியை:
தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று, இயேசு கிணற்றடியில் சமாரியப் பெண்ணைச் சந்திக்கும் பகுதியை (யோவான் 4) வகுப்பில் வாசித்தோம். ஒரு சிறுமி தன் பாட்டியின் பழைய வேதாகமத்தைக் கொண்டுவந்திருந்தாள். அதில் ‘ஒரு ஸ்திரீ தண்ணீர் மொள்ள வந்தாள்’ என்றும், நாங்கள் பயன்படுத்தும் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் ‘சமாரியப் பெண் ஒருவர் தண்ணீர் மொள்ள வந்தார்’ என்றும் இருப்பதைக் கண்டு, எது சரி என்று கேட்டாள். பழையதில் இயேசு ‘தாகத்துக்குத் தா’ என்கிறார். புதியதில் ‘குடிக்க எனக்குத் தண்ணீர் கொடும்’ என்கிறார்.

புதியதே சரி என்று தயங்காமல் சொன்னேன். என் பாட்டி நடவுக்குப் போன வீட்டில், பள்ளிக்கூடம் போகும் பையன்கூட அவரைப் பெயர் சொல்லி, ‘வா, போ’ என்றுதான் அழைப்பான். அறுபது வயதிலும் ஊர் அவருக்கு ஒரு ‘ர்’ விகுதியைக் கொடுக்கவில்லை. யூதர்கள் தீண்டத்தகாதவளாக ஒதுக்கிய ஒரு சமாரியப் பெண்ணுக்கு வேதமாவது அதைக் கொடுக்கட்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதலாம்.

பழைய திருப்புதல்:
சகோதரி, நீங்களே அந்தச் சிறுமி ‘கொண்டுவந்திருந்தாள்’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதில் அவமதிப்பு இல்லை, வாஞ்சைதான் இருக்கிறது. ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் தந்த அந்தப் பழைய மொழிபெயர்ப்பை நான்கு தலைமுறையாக எங்கள் குடும்ப ஜெபத்தில் வாசித்து வருகிறோம். எழுத்தறியாத என் தாயார் அதன் சங்கீதங்களைக் காதால் கேட்டே மனப்பாடமாகச் சொல்வார்.

‘தாகத்துக்குத் தா’ என்பதில் வெயிலும் வறண்ட தொண்டையும் தெரிகின்றன. நண்பகலில் நடந்து களைத்தவர் அப்படித்தான் கேட்பார். எந்தக் கிணற்றடியிலும் யாரும் ‘தண்ணீர் கொடும்’ என்று கேட்டதை நான் கேட்டதில்லை. அந்த ‘உம்’ விகுதி நம்மிடம் ஜெபத்தில் மட்டும்தான் உயிரோடிருக்கிறது: ‘இன்று எங்களுக்குத் தாரும்’ என்று பிதாவை நோக்கித்தான் சொல்கிறோம்.

மறைக்கல்வி ஆசிரியை:
ஐயா, உங்கள் கடைசி வாக்கியம் என் பக்கத்துச் சாட்சியாகிவிட்டது. நாம் கடவுளிடம் கேட்கும் அதே வினைவடிவத்தில் இயேசு அந்தப் பெண்ணிடம் கேட்கிறார் என்பதை இதுவரை நான் கவனிக்கவில்லை. இனி அந்தச் சொல்லை யார் மாற்றச் சொன்னாலும் விடமாட்டேன். சிறுமியை ‘கொண்டுவந்திருந்தாள்’ என்றது வயதை வைத்து. சமாரியப் பெண் குழந்தையல்லவே.

இலக்கணப் பித்தன்:
இடையில் ஒரு சிறு குறிப்பு. மூலமான கிரேக்கத்தில் ‘வந்தாள்’, ‘வந்தார்’ என்ற வேறுபாடே கிடையாது. ‘தா’, ‘கொடும்’ என்பதும் அப்படியே. தமிழில்தான் வாயைத் திறந்ததுமே எதிரில் இருப்பவர் மேலா கீழா என்று முடிவுசெய்தாக வேண்டியிருக்கிறது. ஆகவே இரண்டு மொழிபெயர்ப்புகளும் மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்தே இருக்கின்றன.

இன்னொன்று. பழையது என்று நாம் சொல்வதும் ஒரு காலத்தில் புதியதுதான். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டுக்குப் பிறகு, ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிர்ப்பு இருந்தது. தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார், சீகன்பால்குவுக்குப் பின் வந்த மிஷனரி பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பை மாற்றக் கூடாது என்று வாதாடினார். சபைக்குள் சாதி வழக்கங்களைக் கைவிடச் சொன்ன மிஷனரிகளையும் அவரே எதிர்த்தார்.

பழைய திருப்புதல்:
பழைய சொல்லை நேசிப்பவன் பழைய சாதியையும் நேசிக்கிறான் என்று சொல்ல வருகிறீர்களா? அதை நான் ஏற்க மாட்டேன்.

கடைசி வரிசை:
ஐயா, நான் உங்களுக்குத் துணைக்கு வருகிறேன், ஆனால் நீங்கள் மகிழ்வீர்களா என்று தெரியவில்லை. ஆசிரியை சகோதரி அதே அதிகாரத்தின் ஒன்பதாம் வசனத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். புதியதில் ‘யூதர்கள் சமாரியரோடு பழகுவதில்லை’ என்று இருக்கிறது. பழையதில் ‘சம்பந்தங்கலவாதவர்கள்’. நம் ஊரில் சம்பந்தம் என்றால் என்ன, சம்பந்தி என்றால் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை. மொழிபெயர்த்தவர்கள் வெறும் தொடர்பு என்ற பொருளில்தான் எழுதியிருப்பார்கள்; என் காதில் விழுவது வேறு.

என் தங்கைக்கு வரன் பார்த்தபோது, மாப்பிள்ளையின் தந்தை எங்கள் வீட்டில் அமர்ந்து ஜெபித்தார், தேநீர் குடித்தார், கோப்பையைத் தாமே எடுத்துப்போய் உள்ளே வைத்தார். எல்லோரையும் ‘வாங்க, போங்க’ என்றார். மறுவாரம், ‘கர்த்தருடைய சித்தம் இல்லை’ என்று செய்தி வந்தது. எங்கள் உட்பிரிவை இடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எங்களோடு பழகாதவர்கள் அல்லர், சம்பந்தங்கலவாதவர்கள். அந்த ஞாயிறும் அவர் என் கையைப் பிடித்து ‘ஸ்தோத்திரம் தம்பி’ என்றார்.

சுவர் கட்டிப் பிரித்த காலத்தில் விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்துத் தேவாலயத்தை, இரு சாதிப் பிரிவினர் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காணும்படி இரண்டு கைகளைப் போலப் பிரிந்த கூடங்களாகக் கட்டி, பிரிவுச் சுவரை 1910 வாக்கில் இடித்தார்கள். இப்போது சுவருக்குப் பதில் ‘ர்’ விகுதி இருக்கிறது. குடியரசுத் தலைவரின் 1950ஆம் ஆண்டு ஆணையின்படி கிறிஸ்தவர்களான எங்களுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது. கல்யாணத் தரகரின் நோட்டில் மட்டும் எங்கள் சாதி தவறாமல் இருக்கிறது.

மறைக்கல்வி ஆசிரியை:
சகோதரரே, ‘பழகுவதில்லை’ என்ற சொல்லைப் பல ஆண்டுகளாக வகுப்பில் வாசித்துக் கடந்திருக்கிறேன். என் பாட்டிக்குக் கிடைக்காத விகுதியை மிகவும் பெரிதாக எண்ணிவிட்டேனோ என்று தோன்றுகிறது. ஆனாலும் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. சம்பந்தம் மறுப்பவர் ஒருமையிலும் பேசினால் அது இன்னும் மோசம்தானே.

கடைசி வரிசை:
மோசம்தான். விகுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பழைய திருப்புதல்:
தம்பி சொன்னது போன்ற வீடு எங்கள் சபையிலும் உண்டு. எங்கள் குடும்பத்திலேயே உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. மொழிபெயர்ப்பைப் பற்றி நான் எழுதியதில் மாற்றமில்லை. ஒன்பதாம் வசனத்தை இன்றிரவு குடும்ப ஜெபத்தில் என் மகன் வாசிக்க வேண்டிய முறை வருகிறது. அவனுக்கும் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.