புதுப்பிப்பு: இளநிலை விலங்கியலுக்குப் பிறகு என் தங்கை எடுத்த முடிவு

இளநிலை விலங்கியல் படிக்கும் என் தங்கைக்கு ஆசிரியர் பணியைத் தவிர வேறு வழி உண்டா என்று சென்ற ஆண்டு கேட்டிருந்தேன். பட்டம் முடிந்துவிட்டதால், பதிலளித்த அனைவருக்காகவும் இதை எழுதுகிறேன்.

பலர் பரிந்துரைத்த மெடிக்கல் கோடிங்கை முதலில் விசாரித்தோம். அமெரிக்க மருத்துவர்களின் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் பதிவதே அவ்வேலை. சிக்கல்கள் இல்லாத இரண்டாம் வகை நீரிழிவுக்கு ‘இ11.9’ என்று பதிய வேண்டும். அந்நோயால் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தால் குறியீடே மாறிவிடும் என்பதால், உடலியங்கியல் படித்தவர்களுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது. ஆயினும் ஆய்வகத்தை விட்டு விலகத் தங்கைக்கு மனமில்லை.

எனவே முதுநிலை அறிவியல் படிப்பில் சேர ஐஐடிகள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வின் உயிரித் தொழில்நுட்பத் தாளுக்கு அவள் தயாராகிறாள். அதில் பிளஸ் டூ அளவிலான கணிதமும் இயற்பியலும் வேதியியலும் உண்டு. விலங்கியல் மாணவர்கள் பலர் தடுமாறுவது அங்கேதான். முதுநிலைக்குப் பின் சிஎஸ்ஐஆர் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால், முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். (வீட்டில் அப்பாவைச் சம்மதிக்க வைத்தது இந்தத் தொகைதான்.)

இந்திய வனப் பணித் தேர்வுக்கு விலங்கியல் பட்டமே போதுமான தகுதி என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தார், அது சரியே. குடிமைப் பணிகளுக்கான அதே முதல்நிலைத் தேர்வை அதற்கும் எழுத வேண்டும். அதை முதுநிலை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருக்கிறாள். பி.எட். இப்போதைக்கு இல்லை.