ஜிப்சி டேங்க் பிரீத்தர் ஹோஸ்: ரெண்டு தடவை மாத்தியும் பெட்ரோல் கசியுது, எங்க பார்க்கணும்?

வெண்ணாற்றங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1998 மாருதி ஜிப்சி கிங், கார்புரேட்டர். நீடாமங்கலம், மூணாறு தலைப்பு பக்கம் ஆற்றங்கரை ரோட்டுலயும் வயல் பாதையிலயும் ஓடுது. டேங்க் நிறைய பெட்ரோல் போட்டா பின்சீட்டுல வாசனை. கரை மேல ஏறும்போது வண்டி ஒரு பக்கம் சாஞ்சா சொட்டுது. பாதி டேங்க்குக்குக் கீழ இறங்கிட்டா சொட்டும் இல்ல, வாசனையும் இல்ல. பங்க்ல பிடிக்கும்போது நாசில் மூணு நாலு தடவை டக்குனு நின்னுடுது. ஃபில்லர் கழுத்துல (பெட்ரோல் ஊத்தற குழாய்) இருந்து டேங்க்குக்குப் போற சின்ன பிரீத்தர் ஹோஸை ரெண்டு தடவை மாத்தியாச்சு. ரெண்டு மாசம் தாங்குது, அப்புறம் பழையபடி. எந்த வகை ஹோஸ் வாங்கணும், எப்படி மாட்டணும், வேற எதைப் பார்க்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மன்னை_மெக்கானிக்:

தம்பி, ஹோஸ் மட்டும் குத்தவாளி இல்ல. நாசில் நின்னு நின்னு போகுதுன்னு சொன்னீங்களே, அதைத்தான் முதல்ல பிடிக்கணும். பெட்ரோல் உள்ள இறங்கற வேகத்துக்கு டேங்க்ல இருக்கற காத்து வெளிய வரணும். அந்தக் காத்துக்கான வழிதான் பிரீத்தர். அது மடங்கியோ அடைச்சோ இருந்தா பெட்ரோல் ஃபில்லர் கழுத்துலயே தேங்கி நாசில் முனையைத் தொடும், நாசில் தானா மூடிக்கும். ஆக உங்க ஹோஸ் கசியறது மட்டும் இல்ல, போற பாதையும் சரியில்ல.

புது ஹோஸ் போடறவங்க பெரும்பாலும் செய்யற தப்பு: நீளத்தை ரெண்டு மூணு இஞ்ச் கூட வெட்டிடுவாங்க. கூடின நீளம் நடுவுல தொட்டில் மாதிரி தொங்கும். அந்தப் பள்ளத்துல பெட்ரோல் தேங்கும். தேங்கினா காத்து போகாது, ரப்பர் ராப்பகலா பெட்ரோல்ல ஊறும், ஊறின இடம் உப்பி, ஹோஸை இறுக்கிப் பிடிக்கற கிளாம்ப் ஓரத்துல வெடிக்கும். ரெண்டு மாசக் கணக்கு அங்கதான் வருது. டேங்க்ல இருந்து ஃபில்லர் கழுத்து வரைக்கும் ஒரு இடத்துலகூட கீழ இறங்காம ஏறிக்கிட்டே போகணும். இது ஒண்ணை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

கசிவு எங்கனு கண்டுபிடிக்க கோலமாவு போதும். கல்மாவா இருக்கணும், பச்சரிசி மாவு வேண்டாம். ஹோஸ், கிளாம்ப், டேங்க் மேல இருக்கற குழாய் முனை எல்லாத்தையும் களிமண் போகக் கழுவி, துணியால துடைச்சு, நல்லா காய விட்டு, மாவைத் தூவுங்க. டேங்க் நிறைய இருக்கும்போது வண்டியை ஒரு பக்கம் மேட்டுல ஏத்தி அரை மணி நேரம் நிறுத்துங்க. எந்த இடத்துல மாவு முதல்ல கறுக்குதோ அதுதான் ஓட்டை. சொட்டு விழற இடத்தை நம்பாதீங்க. பெட்ரோல் ஹோஸுக்குள்ள இருக்கற நூல் பின்னல் வழியாவே ஒரு சாண் ஓடிப்போய் வேற இடத்துல சொட்டும்.

வேலைக்கு முன்னாடி: டேங்க் கால்பங்குக்குக் கீழ இருக்கட்டும். பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டுங்க. பட்டறைக் குழி மேல வண்டியை நிறுத்தாதீங்க. பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம், குழிக்குள்ள இறங்கித் தேங்கும், ஒரு பொறி போதும். திறந்த வெளியில ஸ்டாண்டு வச்சுச் செய்யுங்க. வயர் பல்பு விளக்கு வேண்டாம். பவுடர் தீயணைப்பான் கைக்கு எட்டற தூரத்துல இருக்கணும். வாய் வச்சு உறிஞ்சி பெட்ரோல் எடுக்கற பழக்கம் வேண்டவே வேண்டாம், கைப்பம்ப் வாங்கிக்குங்க.

டேங்க் வண்டி அடியில பின்பக்கம் இருக்கறதால மேல்முனைக்குக் கை போகாது. ஜாக்கிக்கும் டேங்க்குக்கும் நடுவுல பலகை கொடுத்துத் தாங்கி, போல்ட்டுகளைத் தளர்த்தி கொஞ்சம் இறக்கினா இடம் கிடைக்கும். இறக்கறதுக்கு முன்னாடி போன்ல நாலு படம் எடுத்து வச்சுக்குங்க, எந்த ஹோஸ் எதுக்கு மேல போச்சுன்னு பின்னாடி குழம்பும். பழைய ஹோஸை இழுக்காதீங்க. குழாய் முனை ஈயம் வச்சு ஒட்டினதா இருந்தா அசையும். நீளவாக்குல பிளேடால கீறி உரிச்சு எடுங்க.

உரிச்சதும் குழாய் முனையைப் பாருங்க. துரு அரிச்சுக் குழி குழியா இருந்தா எந்த ஹோஸ் போட்டாலும் அந்தக் குழி வழியா கசியும். 400 நம்பர் எமரி தாள்ல குறுக்குவாட்டா, அதாவது சுத்தி வர, தேய்ங்க. நீளவாக்குல தேய்ச்சா ஒவ்வொரு கீறலும் ஒரு வாய்க்கால். தேய்க்கும்போது முனையைத் துணியால அடைச்சுடுங்க, துருப்பொடி டேங்க்குள்ள விழக்கூடாது.

அளவை யார் வாய்ல இருந்தும் கேட்டு வாங்காதீங்க. வர்னியர்ல குழாயோட வெளிவிட்டத்தை அளந்து, அதே அளவு உள்விட்டம் இருக்கற ஹோஸ் வாங்குங்க. ஒரு மில்லி பெருசா இருந்தாலும் கிளாம்ப்பை இறுக்கிச் சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, ஹோஸ் மடிப்பு விழும், அந்த மடிப்புல கசியும்.

ரகம்: ஹோஸ் மேல எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்6 அல்லது ஆர்7னு (பெட்ரோல் ஹோஸுக்கான தரக் குறியீடு) அச்சடிச்சிருக்கணும். ஆர்6 ஃபில்லர், பிரீத்தர் வேலைக்குன்னே உள்ளது. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், 98 மாடல் வண்டியோட ரப்பர் அதுக்காகச் செஞ்சது இல்ல. மெல்லிய லைன்களுக்கு ஆர்9 கிடைச்சா அதையே போடுங்க. அதுல உள்பூச்சு ஃப்ளூரோ ரப்பர், எத்தனால் தாங்கும். அச்சே இல்லாத கறுப்பு ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், லெவல் பார்க்கற கண்ணாடிக் குழாய் (உள்ள தெரியற பிளாஸ்டிக் குழாய்) மூணும் கூடாது. ரேடியேட்டர் ஹோஸ் ரப்பர் சுடுதண்ணிக்கு நல்லது, பெட்ரோல் பட்டா ஊதிடும். கண்ணாடிக் குழாய் கொஞ்ச நாள்ல குச்சி மாதிரி விறைச்சு உடையும்.

புது பிளேடால நேரா வெட்டுங்க. ஆக்சா பிளேடு வேண்டாம், பொடி உதிரும். சோப்புத் தண்ணி தொட்டுச் செருகுங்க, கிரீஸோ ஆயிலோ வேண்டாம். மெல்லிய ஹோஸ் 20, 25 மில்லிமீட்டராவது உள்ள போகணும். கிளாம்ப் குழாய் முனையோட மேட்டைத் தாண்டி உட்காரணும், ஹோஸ் ஓரத்துல இருந்து 3, 4 மில்லி உள்ளே.

உப்பளத்தான்:

அண்ணன் ஹோஸைப் பற்றி முழுசாகச் சொல்லிவிட்டார். கிளாம்ப்பைப் பற்றி நான் சொல்கிறேன். வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் கிளாம்ப்தான் முதலில் போகும்.

கடையில் கிடைக்கும் துளை போட்ட ஸ்க்ரூ கிளாம்ப்பில் பட்டை ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கும், திருகு சாதா இரும்பாக இருக்கும். உப்புக் காற்றில் திருகு துருப்பிடித்து இறுகிவிடும். அடுத்த முறை கழற்றவும் வராது, இறுக்கவும் வராது. காந்தத்தைத் திருகின் மேல் வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டினால் வேண்டாம். இன்னொன்று, துளைக் கிளாம்ப்பை அழுத்தி இறுக்கினால் ரப்பர் துளைகளுக்குள் பிதுங்கும். பிதுங்கினால் அது அறுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோல் லைனுக்கு ஓரம் மடித்த, துளையில்லாத பட்டை கிளாம்ப் கேளுங்கள். 'இன்ஜெக்‌ஷன் கிளாம்ப்' என்றால் கடையில் எடுத்துத் தருவார்கள். ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும், ஏனென்றால் ஒரே கிளாம்ப் 10 மில்லிக்கும் 16 மில்லிக்கும் பொருந்தாது. மாட்டி ஒரு வாரம் ஓடிய பிறகு ஒருமுறை தொட்டுப் பாருங்கள், புது ரப்பர் கொஞ்சம் அமுங்கும்.

ஃபில்லர் கழுத்துக்குப் போகும் ஹோஸ் தவிர, டேங்க்கிலிருந்து வெளியே போகும் மெல்லிய பிரீத்தர் லைனும் உண்டு; வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும் அதன் முனையையும் விட்டுவிடாதீர்கள். வண்டி பத்து நாள் நின்றால் போதும், குளவி சேற்றைக் கொண்டுவந்து உள்ளே கூடு கட்டிவிடும். சேற்றுழவு நேரத்தில் பின்சக்கரம் வாரி அடிக்கும் களிமண்ணும் முனையை மூடும், காய்ந்தால் சிமெண்ட்தான். அடைத்துவிட்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகும். அரை மணி, முக்கால் மணி ஓடியதும் வண்டி இழுவை குறைந்து நிற்கும், டேங்க் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்றை இழுக்கும். பலர் இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து அதைப் பிரித்துப் போடுகிறார்கள். மூடியைத் தளர்த்தி வைத்துச் சமதளத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள், சரியானால் கோளாறு காற்று வழியில்தான். தொலைந்த மூடிக்குப் பதில் பூட்டு வைத்த மூடி வாங்கியிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். மூடியிலேயே காற்று வால்வு உள்ள வண்டிக்கு வால்வில்லாத மூடி போட்டாலும் இதே கதிதான்.

அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் வரும். ஹோஸில் பல் தடம் இருக்கிறதா என்று தைக்குப் பிறகு ஒருமுறை பாருங்கள்.

டீசல்_ஜீப்_திருவாரூர்:

டீசல் வண்டிக்காரங்களும் இதைப் படிக்கறதால ஒண்ணு மட்டும். பழைய டீசல் ஜீப்புல பிரீத்தர் கசிஞ்சா வாசனையைவிட தூசிதான் காட்டிக்கொடுக்கும். டீசல் லேசுல ஆவியாகாது, அதனால ஈரமான இடத்துல புழுதி ஒட்டிக் கறுப்புப் பொருக்கா நிக்கும். அது பிரீத்தரா, இன்ஜெக்டர்ல இருந்து திரும்பி வர்ற ரிட்டர்ன் லைனான்னு பிரிச்சுப் பார்க்கணும். இன்ஜின் ஓடும்போது மட்டும் நனைஞ்சா ரிட்டர்ன் லைன், நிறுத்தி வச்சாலும் சாய்வுல நனைஞ்சா பிரீத்தர். வாய்க்கால்ல இறங்கற வண்டின்னா வெடிச்ச பிரீத்தர் வழியா தண்ணி உள்ள போகும், பெட்ரோலைவிட டீசல் பம்ப்புக்கு அது பெரிய சேதம். ஃபில்டர் அடியில இருக்கற வடிகால் திருகைத் திறந்து ஒரு கிளாஸ்ல பிடிச்சுப் பாருங்க, தண்ணி அடியில தனியா நிக்கும்.

வெண்ணாற்றங்கரை:

அண்ணே, டேங்க்கை இறக்கிக் கோலமாவு வச்சுப் பார்த்தாச்சு. ஹோஸ் நடுவுல நிஜமாவே தொங்கிட்டு இருந்தது. அதோட குழாய் முனை டேங்க்ல சேர்ற அடிப்பக்கமும் மாவு கறுத்தது, ஊசி முனை அளவு ஓட்டை. எபாக்ஸி வச்சு அடைக்கலாமா, வெல்டிங் வைக்கலாமா? இன்னொண்ணு, வெளிய போற மெல்லிய பிரீத்தர் முனையை எந்த உயரத்துல கட்டணும்?

மன்னை_மெக்கானிக்:

வெல்டிங் கூடவே கூடாது. காலி டேங்க் நிறைஞ்ச டேங்க்கைவிட ஆபத்து, உள்ள பெட்ரோல் இல்லைனாலும் ஆவி இருக்கும். தண்ணி ஊத்திக் கழுவிட்டேன்னு யாராவது சொன்னாலும் நம்பாதீங்க, தகட்டு மடிப்புக்குள்ள தங்கினது வெப்பம் பட்டதும் வெளிய வரும். டேங்க்கை முழுசா கழட்டி, பெட்ரோல் டேங்க் வேலை பழகின ரேடியேட்டர் பட்டறையில கொடுங்க. நீராவி விட்டு ஆவி போக்கினதுக்கு அப்புறம் ஈயம் வச்சு ஒட்டுவாங்க. அந்த வசதி இல்லாத இடத்துல டேங்க்கை விடாதீங்க.

எபாக்ஸி அவசரத்துக்கு வீடு வந்து சேர உதவும், அதுக்கு மேல இல்ல. குழாய் முனை வண்டி ஓடும்போது அதிரும், பசை விறைப்பா இருக்கும், ரெண்டும் சேர்ந்து அசையாததால ஓரத்துல முடி மாதிரி விரிசல் விடும். எத்தனால் வேற அடியில இளக்கும். முனை ஆடுதான்னு விரலால அசைச்சுப் பாருங்க. ஆடினா ஓட்டையை மட்டும் அடைக்கச் சொல்லாதீங்க, முனையையே எடுத்துட்டு புதுசா வச்சு ஒட்டச் சொல்லுங்க.

ஒட்டி வந்ததும் மாட்டறதுக்கு முன்னாடி சோதிக்கணும். கம்ப்ரெசர் காத்து வேண்டாம், தகடு உப்பிடும். உள்ள தெரியற பிளாஸ்டிக் குழாயை யு மாதிரி வளைச்சு ஸ்கேல்ல கட்டி, பாதி தண்ணி ஊத்தி, ஒரு முனையை டேங்க்ல மாட்டுங்க. மத்த வழி எல்லாத்தையும் அடைச்சுட்டு, பி.பி. பார்க்கற கருவியோட ரப்பர் பல்பால காத்து கொடுங்க. ரெண்டு பக்கத் தண்ணி மட்டமும் 30 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்ததும் நிறுத்துங்க, அது 0.03 பார்தான், டேங்க்குக்கு ஒண்ணும் ஆகாது. பத்து நிமிஷம் மட்டம் நின்னா சரி. நிழல்ல வச்சுச் செய்யுங்க, வெயில் பட்டா காத்து விரிஞ்சு கணக்கு தப்பும். இறங்கினா சோப்பு நுரை தடவிப் பாருங்க.

பிரீத்தர் முனை ஃபில்லர் மூடியைவிட உயரத்துல இருக்கணும், வாய் கீழ்நோக்கி வளைஞ்சிருக்கணும். நீங்க கரைச் சரிவுல சாஞ்சு ஓட்டறவர், அதனால டேங்க்ல அது இடப்பக்கம் புறப்பட்டா வலப்பக்கமா குறுக்க கொண்டுபோய் ஏத்துங்க. இடப்பக்கம் சாஞ்சா பெட்ரோல் புறப்படற முனையை மூடும், ஆனா உயர்ந்து நிக்கற வலப்பக்கம் வரைக்கும் ஏறாது. சைலன்சர் பக்கம் போகக்கூடாது. முனையில உள்ள தெரியற உடம்புள்ள நைலான் வலை ஃபில்டர் ஒண்ணு மாட்டினா குளவியும் புழுதியும் வராது. காகித ஃபில்டர் வேண்டாம், மழைத்தண்ணி பட்டு ஊறினா காத்தையும் நிறுத்திடும். உங்க வண்டியில கரி கனிஸ்டர் (பெட்ரோல் ஆவியைப் பிடிச்சு வைக்கற கரி டப்பா) இருந்தா அந்த லைனைத் திறந்து விடாதீங்க, கனிஸ்டருக்கே போகட்டும்.

கடைசியா பெட்ரோல் போடற பழக்கம். 40 லிட்டர் டேங்க். பங்க் தொட்டி மண்ணுக்கு அடியில குளிர்ச்சியா இருக்கும். அங்க இருந்து கழுத்து வரைக்கும் நிரப்பி சித்திரை வெயில்ல நிறுத்தினா 15 டிகிரி சூடு ஏறினாலே அரை லிட்டருக்கு மேல விரியும். அதுக்குப் போக வேற வழி இல்ல, பிரீத்தருக்குள்ளதான் ஏறும். நாசில் முதல் தடவை தானா நின்னதோட விட்டுடுங்க, ரவுண்ட் ரூபாய்க்காக மேல மேல அழுத்த வேண்டாம். பாதையைச் சரி பண்ணினதுக்கு அப்புறம் அந்த முதல் டக் டேங்க் நிறையும்போதுதான் வரும். முன்னாடியே வந்தா ஹோஸ் இன்னும் எங்கயோ மடங்கியிருக்கு, படம் எடுத்து இங்க போடுங்க.