ருமேனிய மருத்துவச் சொற்களில் வேற்றுமை உருபு: எல்லாம் மனப்பாடமா?

கேள்வி:
ருமேனியாவில் க்ளூஜ் நகரத்தில் மருத்துவம் படிக்கிறேன். வார்டில் நோயாளிகளிடம் ருமேனிய மொழியில்தான் பேசணும். இதயம் ஒரு வரியில் 'இனிமா', அடுத்த வரியில் 'இனிமீ'. எல்லா வேற்றுமையையும் உருப்போடணுமா?

பதில் 1:
வேண்டாம்ப்பா. எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் ஒரே வடிவம். நான்காம், ஆறாம் வேற்றுமைகளுக்கு இன்னொன்று. விளி வேற்றுமை தனி, ஆனால் கேஸ் ஷீட்டில் யாரைக் கூப்பிடப் போற? ஆண்பால் சுலபம்: 'ஃபிகாட்' கல்லீரல், 'ஃபிகாட்டுலுய்' கல்லீரலின். வில்லங்கம் பெண்பாலில்தான். பன்மையை எடுத்து அதன்மேல் ஒரு 'இ' ஏத்தணும்: 'இனிமி' இதயங்கள், 'இனிமீ' இதயத்தின். ஆக, பெண்பால் சொல்லைப் பன்மையோடு சேர்த்தே படி.

பதில் 2:
இரண்டு பெயர்ச்சொல்லுக்கு நடுவில் வரும் 'ஆ'வையும் கவனிங்க. 'ப்வாலா இனிமீ' என்றால் குறிப்பிட்ட அந்த இதயநோய். 'ஒரு இதயநோய்' என்றால் 'ஓ ப்வாலெ ஆ இனிமீ'. இப்படி 'ஒரு' என்று குறிப்பிடாமல் சொல்லும்போது அந்த 'ஆ' கட்டாயம்.

பதில் 3:
நோயாளி வலியைச் சொல்லும்போது இவ்வளவு சிக்கல் இல்லை. தலைவலி 'துரேரே தெ காப்', முதுகுவலி 'துரேரே தெ ஸ்பாடெ'. நடுவில் 'தெ' வந்தால் பின்னால் 'லுய்' உருபும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. முதல் வாரத்துக்கு இதுவே ஓடும்.

கேள்வி கேட்டவர்:
அப்போ இன்னைக்கே பன்மைப் பட்டியல் போட ஆரம்பிக்கிறேன். நன்றிண்ணா.