காட்பாடியிலிருந்து ஒரே நாளில் சென்னை ரயில் மியூசியம் – அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

பாலாற்றங்கரை:
அப்பா ஜோலார்பேட்டை ரயில் எஞ்சின் ஷெட்டில் ஃபயர்மேனாக, அதாவது நீராவி எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவராக வேலைக்குச் சேர்ந்தவர். பையன் மூணாம் கிளாஸ், கரி எஞ்சின் வீடியோவாகப் பார்த்துவிட்டு தாத்தாவைக் கேள்வி கேட்டே குடைகிறான். ரெண்டு பேரையும் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கம் இருக்கிற ரயில் மியூசியத்துக்குக் கூட்டிப் போகலாமென்று ஒரு யோசனை. காலையில் காட்பாடியில் ஏறினால் ராத்திரிக்குள் திரும்பிவிடலாமா? அப்பாவுக்கு முட்டி வலி, மெனக்கெட்டுப் போகிற அளவுக்கு அங்கே விஷயம் இருக்கிறதா?

அரக்கோணம் ஜங்ஷன்:
தாராளமாகப் போகலாம், திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், லீவு. சென்ட்ரல் வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டியதில்லை, அரக்கோணத்தில் இறங்கி லோக்கல் ரயில் பிடித்து வில்லிவாக்கத்தில் இறங்குங்கள், அங்கிருந்து ஆட்டோ. பெரிய வண்டிகள் எல்லாம் வெட்டவெளியில் நிற்கின்றன. வேலூர்க்காரருக்கு வெயிலைப் பற்றிச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், ஆனாலும் வெளியே இருப்பதைக் காலையிலேயே பார்த்துவிட்டு, மதியம் மாடல்கள் இருக்கிற ஹாலுக்குள் போய்விடுங்கள். பையனுக்குக் குட்டி ரயில் உண்டு.

கரித்துண்டு:
1895-ஆம் வருஷத்து ஃபௌலர் நீராவி எஞ்சின், பழைய ஊட்டி ரயில் ரெண்டையும் விட்டுவிடாதீர்கள். ஊட்டி மலையில் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே எஞ்சின் முன்னால் இருந்து இழுக்காது, பின்னால் நின்று தள்ளும், தண்டவாளத்துக்கு நடுவே இருக்கிற பல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும். எங்கே எஞ்சினைப் பார்த்தாலும் அதன் வகைப் பெயரில் முதல் எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: டபிள்யூ என்றால் பிராட் கேஜ், அதாவது அகலப் பாதை, ஒய் என்றால் தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் மட்டுமே இருக்கிற மீட்டர் கேஜ். நம்ம காட்பாடி - விழுப்புரம் லைனும் அகலப் பாதையாக மாறுகிற வரைக்கும் மீட்டர் கேஜ்தானே.

அப்பாவிடம் கேட்க வேண்டியது வேறு. கரியைக் குவித்துப் போட்டால் கரும்புகைதான் வரும், கொஞ்சம் கொஞ்சமாக, எந்த இடத்தில் நெருப்பு மெலிகிறதோ அந்த இடமாகப் பார்த்து மெல்லிசாக வீச வேண்டும், அதுவும் ஆடுகிற வண்டியில் நின்றுகொண்டு. நடுவே கண்ணாடிக் குழாயில் பாய்லர் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று ஒரு கண். தண்ணீர் ரொம்ப இறங்கிவிட்டால் நெருப்புப் பெட்டியின் தலைமேல் இருக்கிற ஈய அடைப்பு உருகி, நீராவி உள்ளே பாய்ந்து எச்சரித்துவிடும். அது உருகிய வண்டியில் இருந்தவர்களின் பாடு என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள், பையன் நாலு நாளைக்கு வேறு கதை கேட்க மாட்டான்.

வாலாஜா ரோடு:
போகிற வழியில் எங்க ஊர் ஸ்டேஷனையும் பையனுக்குக் காட்டுங்களேன். 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்தில் கிளம்பி வந்து நின்றது இங்கேதான், இன்றைக்கு எத்தனை பேர் இதைத் தெரிந்துகொண்டு இறங்குகிறார்கள் என்பது வேறு விஷயம். இங்கிலாந்தில் 1855-ல் செய்த ஈ.ஐ.ஆர் 21 என்ற எஞ்சின், அதாவது எங்க லைனுக்கு ஒரு வயசு மூத்தது, அதை 2010-ல் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் சரிசெய்து மறுபடி ஓட வைத்தார்கள். எழும்பூர் - கோடம்பாக்கம் ஓட விடுகிற நாள் பேப்பரில் வந்தால் அதற்கும் ஒரு தடவை கூட்டிப் போங்கள். மியூசியத்தில் நிற்கிற எஞ்சின் வேறு, புகை விடுகிற எஞ்சின் வேறு.

பாலாற்றங்கரை:
எல்லாருக்கும் நன்றி. ஈய அடைப்பு என்று ஆரம்பித்ததுமே அப்பா, "லெட் பிளக்கா? உருகினா அன்னிக்கே மெமோ" என்று தொடங்கி இன்னும் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம், முட்டிக்கு பெல்ட்டும் வாங்கியாச்சு.