'சிறு வெப்ப அதிர்ச்சிப் புரதம்': மாற்றுச்சொல் ஒன்று

குழுவினர் அனைவருக்கும் மதுரையிலிருந்து வணக்கம்.

கணையப் புற்றுநோய்க் கட்டுரைக்காக நெருக்கடியில் உயிரணுவின் பிற புரதங்களைக் காக்கும் சிறிய புரதவகைக்கு (small heat shock protein) நண்பர் முன்வைத்த 'சிறு வெப்ப அதிர்ச்சிப் புரதம்' என்ற தொடரில், 'சிறு' என்னும் அடை புரதத்தைச் சேராமல் அதிர்ச்சியோடு ஒட்டிக்கொள்கிறது. 'வெப்ப அதிர்ச்சிச் சிறுபுரதம்' என்று மாற்றினால் அக்குறை நீங்கும். ஆனால் பொருட்குறை நீங்காது. 1962இல் இத்தாலிய மரபியலாளர் ரிட்டோசா பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பி நிறப்புரிகளில் (குரோமோசோம்களில்) வெப்பத்தால் எழுந்த புடைப்புகளை, அதாவது மரபணுக்கள் முனைந்து செயல்படும் இடங்களை, கண்டு அறிவித்ததன் வழியே வெப்பம் இப்பெயரில் ஏறியது. மருந்து, உயிர்வளிக் குறைவு போன்ற நெருக்கடிகளிலும் உயிரணு இப்புரதங்களை மிகுதியாக ஆக்குகிறது. கண்வில்லையின் ஆல்பா கிரிஸ்டலினும் இக்குடும்பத்ததே. அங்கே வெப்பமும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. அதன் தாங்குதிறன் வயதோடு தேயும்போது புரதங்கள் திரண்டு கண்புரை உண்டாகிறது என்பதைக் கண் மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே செயலைக் கொண்டு பெயரிடலாம். மடிப்புக் குலைந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாதபடி இச்சிறு புரதங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவிட்டு அவற்றை மீண்டும் மடிப்பது எச்எஸ்பி70 போன்ற பெரிய வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் வேலை. இதைப் படிக்கும்போதெல்லாம் மேலூர்ப் பக்கத்துச் சாலையோரச் சுமைதாங்கிக் கல்லே என் கண்முன் நிற்கிறது. நட்ட இரு கற்களின்மேல் கிடத்திய ஒரு கல். விறகுக்கட்டுடன் வருபவர், இறக்கிவிட ஆளில்லாவிட்டாலும், தலைச்சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கல் சுமையை ஊர் சேர்ப்பதில்லை; மீண்டும் எடுக்கும்வரை தரையில் விழாமல் தாங்குகிறது. எனவே 'சுமைதாங்கிப் புரதம்' என்பதை முன்மொழிகிறேன்.

சுமைதாங்கி என்பது அறத்தைச் சுட்டும் சொல்லாயிற்றே, நோய்க்குத் துணைபோகும் புரதத்துக்கு அது தகுமா என்று கேட்கலாம். கல் யாருடைய சுமை என்று பார்ப்பதில்லை. இச்சிறு புரதங்களுள் ஒன்றான எச்எஸ்பி27 புற்றணுவையும் அவ்வாறே காக்கிறது: மைட்டோகாண்டிரியாவிலிருந்து வெளிவந்து சாவைத் தூண்டும் சைட்டோகுரோம் சி என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, உயிரணுவின் திட்டமிட்ட சாவைத் தடுக்கிறது. ஜெம்சிட்டபின் என்ற புற்றுநோய் மருந்துக்கு இணங்காத கணையப் புற்றணுக்களில் இப்புரதம் மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நல்லணுவுக்கும் புற்றணுவுக்கும் ஒரே வேலையைச் செய்வதும் இதை மருந்தின் இலக்காக்குவதைக் கடினமாக்குகிறது. அந்த நடுநிலையைப் பெயரிலேயே உணர்த்துவது மாணவருக்கு உதவும்.

'வெப்ப அதிர்ச்சிப் புரதம்' முழுத்தொகுதிக்கும் பொதுப்பெயராக நீடிக்கட்டும். 'சுமைதாங்கிப் புரதம்' என்பதா, 'சுமைதாங்கு புரதம்' என வினைத்தொகையாக்குவதா என்பதில் இலக்கணம் அறிந்தோர் கருத்தை வேண்டுகிறேன்.